நிழலடி மண்ணை எது மூட வேண்டும்?
கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு பழைய கேள்வியின் மறுபார்வை

மரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணை என்ன செய்வது? வெறுமையாகப் பெருக்கி வைப்பதா, ஏதாவது செடி படரவிடுவதா, உதிர்ந்த இலையை அப்படியே கிடக்க விடுவதா? தோப்பு வைத்த ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கேள்விக்குத் தனக்கென ஒரு விடை வைத்திருந்தது. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் நிழல் தோட்டம் வைப்பவர்கள் பாக்கிசாந்திரா என்ற செடியைத் தரையில் நெருக்கமாக நட்டுவிடுகிறார்கள். இலங்கை மலையகத் துரைமார் தரையில் ஒரு புல் கூட இருக்கக் கூடாது என்றார்கள். மலேயா ரப்பர் தோட்டங்கள் கொடிப்பயறு விதைத்தன. இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வார் வழி வந்தவர்கள், உதிர்ந்ததைக் கொண்டு மண்ணைப் போர்த்தும் மூடாக்கு என்கிறார்கள்.

இந்த விடைகள் எங்கே பிறந்தன, எங்கே பலிக்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதைத் தேனி மாவட்டத்து நிலத்தை உரைகல்லாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பள்ளத்தாக்கு, மூன்று நிழல்கள்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது இங்கே காற்றுதான் மிஞ்சுகிறது. ஆடி மாதக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். மழை ஐப்பசியை ஒட்டி, பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்த பின் பள்ளத்தாக்கின் அடிப்பகுதிக்கு ஆற்று நீர் உறுதிப்பட்டது. அதன் கரையோரத்தில்தான் வயலும் வாழையும் தென்னையும் செழித்தன.

இங்கே நிழல் மூன்று வகைப்படும். முதலாவது தென்னந்தோப்பின் நிழல். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் 1970களில் வகுத்த கணக்குப்படி, தென்னையின் எட்டாவது வயது முதல் ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை தோப்புக்குள் நிழல் அடர்த்தி அதிகம். அதற்கு முன்னும் பின்னும் தரைக்குப் போதிய வெயில் கிடைக்கும். இரண்டாவது, பன்னீர் திராட்சைப் பந்தலின் நிழல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சையின் பந்தல்கள் தலைக்கு மேலே இலைக்கூரையாகப் பரந்து, கீழே பகலிலும் மங்கிய ஒளியையே விடுகின்றன. மூன்றாவது, ஏலமலையின் நிழல். போடிமெட்டுக்கும் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் அப்பால் இருக்கும் ஏலத்தோட்டங்கள் கேரள எல்லைக்குள் இருந்தாலும், அங்கே வேலைக்கு ஜீப்பில் ஏறிப்போகும் கைகளில் பல தேனி மாவட்டத்தவை. காயும் போடிநாயக்கனூருக்கு ஏலத்துக்கு இறங்கி வருகிறது.

ஒரே மாவட்டத்து மக்கள் கையாளும் இந்த மூன்று நிழல்களிலும் ஈரம் வேறு, வெயில் வேறு, நோய் வேறு. ஒரு நிழலுக்குச் சரியான விடை இன்னொரு நிழலுக்குச் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெருக்கிய மண்

மிகப் பழைய விடை, தரையை வெறுமையாக வைப்பது. இதற்கு இரண்டு வேர்கள் உண்டு.

ஒன்று உள்ளூர் வேர். பெருக்கிக் கோலமிட்ட முற்றத்தை அழகு என்று பழகிய கண், தோப்பையும் அப்படியே பார்க்கிறது. “தோட்டத்தைச் சுத்தமா வச்சிருக்காரு” என்பது இங்கே ஒரு விவசாயிக்குக் கிடைக்கும் நற்சான்று. அழுந்த உழுது புழுதியைக் காயவிட்டால் எருவே தேவைப்படாது என்ற கருத்து திருக்குறளின் உழவு அதிகாரத்திலேயே உண்டு. பாதுகாப்பும் ஒரு காரணம். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் உலவும் மண்ணில், தேங்காய் பொறுக்க வெறுங்காலோடு போகும் பெண்ணுக்குப் பெருக்கிய தரை உயிர்க்காப்பு. இதை அறியாமை என்று ஒதுக்கும் எந்த வாதமும் அந்தப் பெண்ணின் காலை மறந்த வாதம்.

மற்றொன்று தோட்டக் கம்பெனிகளின் வேர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் காப்பித் தோட்டங்களும் அவற்றுக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டங்களும் களையே இல்லாத தரையை ஒழுங்கின் அடையாளமாகக் கொண்டன. மதுரைச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன தொழிலாளர்களே அந்தக் களைகளைச் சுரண்டி எடுத்தார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மாத ஒப்பந்தம் பேசிக் களையெடுப்பைக் கங்காணிகளிடம் விடும் வழக்கமும் இருந்தது. சரிவான மலையில் சுரண்டிய மண் அடுத்த மழைக்கு ஓடைக்குப் போயிற்று. இழப்பின் அளவு கண்ணுக்குத் தெரிந்த பிறகு மண் அரிப்பை ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கை 1931இல் வெளியானது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல்தான் வந்தது.

வெறுந்தரைக்கு ஆதரவான அறிவியல் வாதம் நீரைப் பற்றியது. மேல்மண்ணைப் புழுதியாக்கினால் கீழ் ஈரம் மேலே ஏறி ஆவியாகாது என்று வறண்ட நில வேளாண்மை பேசியவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1920களில் கலிபோர்னியாவில் வைமேயர் செய்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையைப் பாதியாக வெட்டின. புழுதி ஈரத்தைக் காப்பது மிகக் குறைவு என்றும், உழவால் கிடைத்த நன்மை பெரும்பாலும் களைகள் அழிந்ததால் வந்தது என்றும் அவை காட்டின. உழவின் மேன்மை இதனால் குறைந்தது. ஆனால் களை நீரைக் குடிக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுப்பட்டது. மழை மறைவுப் பள்ளத்தாக்கில் இந்தக் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

கூலிக்கு ஆள் கிடைக்காமல் போன காலத்தில் மண்வெட்டியின் இடத்துக்குக் களைக்கொல்லி வந்தது. தரை வெறுமையாக வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை, கருவிதான் மாறியது. கேரளம் 2019இல் கிளைபோசேட்டுக்குத் தடை விதித்தது. 2022இல் இந்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இதனால் வெறுந்தரைக் கொள்கையின் மலிவான கருவிக்கும் சட்டச் சிக்கல் வந்துவிட்டது.

மரம் மண்ணைக் காக்கிறதா?

மேலே நிழல் இருக்கிறதே, கீழே வேறு போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கான விடை பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

மழைத்துளி நேராகத் தரையில் விழும்போது சிறியதாக இருக்கும். இலையில் விழும் நீர் நுனிக்கு ஓடி, அங்கே சேர்ந்து, பெருத்து, கனம் தாங்காமல் சொட்டும். மரம் உயரமாக இருந்தால் அந்தப் பெருந்துளி கீழே வருவதற்குள் முழு வேகத்தை எட்டிவிடும். வெறுந்தரையில் அது விழும் இடத்தில் ஒரு சிறு குழி விழுகிறது. தெறித்த மண் தண்டின் அடியில் செம்புள்ளிகளாக ஒட்டிக்கொள்கிறது. மழை விட்டதும் தோப்புக்குள் போய் ஒரு தென்னங்கன்றின் கீழ்மட்டையைத் திருப்பிப் பார்த்தால் இதைக் காணலாம்.

1980களில் ஜாவாவில் வியர்சம் என்ற ஆய்வாளர் மரத்தோப்பில் கூரை, கீழ்ச்செடி, சருகு ஆகிய அடுக்குகளைத் தனித்தனியே நீக்கி மண் இழப்பை அளந்தார். சருகை எடுத்த இடத்தில்தான் மண் பெருமளவில் அரித்துப் போனது. இந்த முடிவை எல்லா மண்ணுக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. மரத்தின் உயரத்தைவிட மரத்தடியின் போர்வையே மண்ணை அதிகம் காக்கிறது. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகையின் குறுக்கே 1959இல் கட்டிய அணையில் சேரும் வண்டலை நினைத்தால், இது தோட்டக்காரர் ஒருவரின் சொந்தக் கணக்கோடு முடிகிற செய்தி இல்லை என்பது புரியும்.

கொடிப்பயறு என்ற விடை

வெறுந்தரையின் கேடு தெரிந்ததும் ரப்பர் தோட்டங்கள் மறுபக்கம் திரும்பின. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்று கொடிப்பயறுகளைக் கலந்து விதைப்பது தென்கிழக்கு ஆசியாவில் நிலைபெற்ற வழக்கமாயிற்று. அவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்குத் தரும், களையை அமுக்கும், சரிவைக் காக்கும். நம் தென்னந்தோப்புகளுக்கும் கலப்பகோனியம், சணப்பை, கொழிஞ்சி போன்றவை பரிந்துரைக்கப்பட்டு வருகின்றன. மழைக்கு முன் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது முறை.

இந்த விடையின் பலவீனம் நிழல்தான். கொடிப்பயறுகளில் பெரும்பாலானவை வெயிலை விரும்புபவை. ரப்பர் கூரை மூடிக்கொள்ளும்போது கலப்பகோனியமும் பியூரேரியாவும் மெலிந்து மறைகின்றன. நடுவயதுத் தென்னையின் கீழும் அதே கதிதான். மரம் இளமையாக இருக்கும்போது பலிக்கும் விடை இது. அந்தப் பருவத்தில்கூடக் கொடி கன்றின் மேல் ஏறாமல் வட்டப்பாத்தியை விட்டு விலக்கிவைக்கத் தொடர்ந்து ஆள் வேண்டும்.

நிழல் தாங்கும் பயறுகளில் இன்று அதிகம் பேசப்படுவது அராக்கிஸ் பின்டோய். நிலக்கடலையின் உறவான இது, 1954இல் பிரேசிலின் பாகியா மாநிலத்தில் பின்டோ என்பவர் சேகரித்த செடியிலிருந்து உலகுக்குப் பரவியது. தனி இனமாக அது முறைப்படி விவரிக்கப்பட்டது 1994இல்தான். மஞ்சள் பூவோடு தரையை ஒட்டிப் படரும். மரத்தில் ஏறாது. ஆனால் நீண்ட வறட்சியில் இலையைக் கொட்டிவிடும் இயல்பு உடையது. சொட்டுநீர் எட்டும் இடத்தில் அது பசுமையாக இருக்கும். எட்டாத இடத்தில் மாசி, பங்குனி மாதங்களைத் தாண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

பச்சைக் கம்பளத்தின் கனவு

அழகுத் தோட்டக்காரர்களின் விடை வேறு வகை. மேலே சொன்ன பாக்கிசாந்திரா டெர்மினாலிஸ் ஜப்பானிலும் சீனாவிலும் காட்டுநிழலில் வளரும் செடி. ஒரு சாண் உயரத்துக்கு மேல் அதிகம் போகாது. தரைக்கடியில் தண்டு ஓட்டிப் பக்கத்தில் முளைக்கும். ஆண்டு முழுவதும் பசுமை. வெட்ட வேண்டாம், கத்தரிக்க வேண்டாம். புல் வளராத நிழலில் புல்வெளியின் அமைதியைத் தரும் செடி என்பதால்தான் அமெரிக்க வீடுகளில் அது அவ்வளவு பரவியது.

அதன் குறை அதன் நிறைவிலேயே இருக்கிறது. ஒரே செடி நெருக்கமாக நிற்கும் இடத்தில் வொலுடெல்லா என்ற பூஞ்சைக் கருகல் வந்தால் திட்டுத்திட்டாகக் காய்ந்து போகும். காட்டோரத்தில் தப்பிப் பரவினால் அங்குள்ள தரைச்செடிகளுக்கு இடம் விடாது. அமெரிக்க மண்ணுக்கே உரிய இனமான பாக்கிசாந்திரா புரோகம்பன்ஸ் மேல் என்று சொல்லும் குரல்கள் இதனால் எழுந்தன. குளிர்நாட்டுச் செடியான டெர்மினாலிஸ் நம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலுக்குப் பொருந்தாது. ஆனால் “ஒரு செடியை நட்டால் கேள்வி முடிந்தது” என்ற அதன் கனவு இங்கேயும் வந்திருக்கிறது.

அந்தக் கனவின் நம் ஊர் வடிவம் வெடேலியா. மஞ்சள் பூவோடு சாலைத் திட்டுகளிலும் கல்லூரி வளாகங்களிலும் மின்னும் இந்தச் செடி நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அதன் பெயரும் உண்டு. ஓடைக்கரையில் ஒரு கணு விழுந்தால் போதும், வேர் பிடித்துவிடும். அதன் மிக நெருங்கிய உறவுச் செடி நம் மண்ணிலேயே இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நாம் கீரையாகவும் மருந்தாகவும் அறிந்த மஞ்சள் கரிசலாங்கண்ணிதான் அது. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி மலைக்காட்டை என்ன செய்தது என்பதைக் கண்ட பிறகும், மேகமலை அடிவாரம் போன்ற இடங்களில் வெளிநாட்டுத் தரைச்செடியை நடுவது துணிச்சலான செயல் என்றே சொல்ல வேண்டும்.

மூடாக்கு

நான்காவது விடை உயிருள்ள செடியை நம்புவதில்லை. உதிர்ந்ததை நம்புகிறது. ஜப்பானிய விவசாயி மசானபு ஃபுகுவோகாவின் நூல் 1975இல் வந்தது. தமிழில் அது ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யாக வாசிக்கப்பட்டது. அவர் தம் ஆரஞ்சுத் தோட்டத்தில் வெள்ளைக் குளோவரைப் படரவிட்டார், வயலில் வைக்கோலைப் பரப்பினார். தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் (1938–2013) மூடாக்கு என்ற சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோனார். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் மண் மூடாக்கு, சருகு மூடாக்கு, உயிர் மூடாக்கு என மூன்றாகப் பிரித்தார்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் இதில் எதிர்முகாமில் இல்லை. தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆர வட்டப்பாத்தியில் 100 தேங்காய் மட்டைகளையோ, 15 காய்ந்த ஓலைகளையோ, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்க்கழிவையோ பரப்பச் சொல்வது அதன் பரிந்துரை. மட்டையின் குவிந்த முதுகு மேலே இருக்க வேண்டும். ஓராண்டு கழித்து அந்த மட்டையைப் புரட்டினால் அடியில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை ஓடியிருக்கும். மண்புழுக் கழிவு குருணையாகக் குவிந்திருக்கும். விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். இரண்டடி தள்ளிப் பெருக்கிய தரை கல்லாக இறுகியிருக்கும். கொள்கை பேசாதவரையும் மாற்றிய காட்சி இதுதான்.

ஆனாலும் மறுப்புகள் இருக்கின்றன. மக்கும் குப்பையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தென்னைக்கு அது பரம எதிரி. மக்காத நார்க்கழிவு மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். மட்டைக்கு நார் ஆலையில் விலை கிடைக்கும்போது, அதைத் தரையில் போடு என்று சிறு விவசாயியிடம் சொல்வது அவர் வருமானத்தைத் தரையில் போடு என்பதற்குச் சமம். திராட்சைப் பந்தலில் சிக்கல் இன்னும் கூர்மை. அடிச்சாம்பல் நோய் ஈரக்காற்றில் பெருகும். கவாத்து செய்த கொடியையும் நோய்ப்பட்ட இலையையும் தோட்டத்தைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். “உதிர்ந்தது உதிர்ந்த இடத்திலேயே கிடக்கட்டும்” என்ற மூடாக்கு வாக்கு பந்தலுக்குள் அப்படியே செல்லாது.

ஏலம் கற்றுத்தரும் காலக்கணக்கு

ஏலச்செடியின் சரம் தண்டின் உச்சியில் வருவதில்லை. அடியிலிருந்து புறப்பட்டுத் தரையை ஒட்டி ஓடுகிறது. வெள்ளைப் பூவின் இதழில் ஊதாக் கோடுகள் தேனீக்கு வழி காட்டுகின்றன. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். வேரோ மேல்மண்ணிலேயே பரவியிருப்பது. ஆக, தரை மூடியிருந்தால்தான் வேர் பிழைக்கும், தரை திறந்திருந்தால்தான் பூ காயாகும்.

இந்த முரணை ஏலக்காரர்கள் மாதத்தை வைத்துத் தீர்த்தார்கள். கார்த்திகை, மார்கழியில், கோடைக்கு முன்னால், சருகை 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவது. வைகாசியை ஒட்டிக் கோடைமழை விழுந்ததும் செடியடிச் சருகை விலக்கித் தேனீக்கு வழிவிடுவது. பருவமழைக்கு முன் காய்ந்த தட்டைகளைக் கழித்து, நிழல் மரத்தைக் கவாத்து செய்து, அழுகல் நோய்க்கு இடம் கொடுக்காமல் காற்றோட்டம் தருவது. எதை மூடுவது என்ற கேள்வியோடு எப்போது மூடுவது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்ட ஒரே முகாம் இதுதான். மற்ற விடைகளில் பெரும்பாலானவற்றின் குறை, ஆண்டு முழுவதுக்கும் ஒரே விடையைச் சொன்னதுதான்.

களையில் தேர்வு, கீழடுக்கில் பயிர்

அண்மைக்காலத்தில் நடுவழி ஒன்று வலுப்பெற்று வருகிறது. இலங்கைத் தேயிலையில் வெறுந்தரை தோற்ற பிறகு, எல்லாக் களையையும் எடுக்காமல், ஆழ வேர்விடும் புல்லையும் ஏறும் கொடியையும் மட்டும் எடுத்து, மென்மையான சிறு செடிகளை விட்டுவைக்கும் முறை பேசப்பட்டது. நம் தோப்புகளில் அந்த இடத்துக்கு வல்லாரை, பொடுதலை, புளியாரை போன்றவை இயல்பாகவே வருகின்றன. இவற்றுக்கு விதைச் செலவு இல்லை. மண்ணுக்கு அந்நியமும் இல்லை.

இன்னொரு கிளை, கீழடுக்கிலேயே வருமானம் தேடுவது. தென்னைக்குக் கீழ் கோகோ, ஜாதிக்காய், திப்பிலி, மஞ்சள், சேப்பங்கிழங்கு என்று பட்டியல் நீளும். கோகோ தன் இலையைத் தாராளமாகக் கொட்டித் தானே மூடாக்கும் போட்டுக்கொள்கிறது. ஆனால் மஞ்சளும் கிழங்கும் அறுவடையின்போது மண்ணைக் கிளறுபவை. அவை தரையை மூடுவது சில மாதங்களுக்குத்தான். மேலும், தேர்ந்து களையெடுக்கச் செடியை அறிந்த கண் வேண்டும். அந்த அறிவு பெரும்பாலும் களையெடுக்கும் பெண்களிடம் இருக்கிறது. கூலி பேசும்போது யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்கள் குறைந்துவரும் இந்தக் காலத்தில் இந்த விடையின் எதிர்காலம் அவர்கள் கையில்தான் நிற்கிறது.

எது முடிந்தது, எது திறந்திருக்கிறது

இத்தனை விடைகளையும் எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சரிவான நிலத்தில் மழைக்காலத்தில் வெறுந்தரை வைப்பதற்கு இனி நியாயம் சொல்வது கடினம். ஒரே வெளிநாட்டுச் செடியால் நிழலடியை மூடும் ஆசைக்கு, வனத்தை ஒட்டிய இம்மாவட்டத்தில் ஆபத்து அதிகம், தேவை குறைவு. நடுவயதுத் தோப்பின் அடர்நிழலில் கொடிப்பயறைவிடச் சருகும் மட்டையும் நம்பகமானவை. பந்தலுக்குள் நோய் மேலாண்மைக்கே முதலிடம்.

திறந்திருக்கும் கேள்விகளில் பெரியது நீர்க்கணக்கு. உயிர் மூடாக்கு குடிக்கும் நீர் அதிகமா, அது காக்கும் நீர் அதிகமா? நிழலில் ஆவியாதல் ஏற்கெனவே குறைவு என்பதால், வெயில் நிலத்தில் கிடைத்த முடிவுகளைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. ஆடிக்காற்றும் சொட்டுநீரும் சேர்ந்த இப்பள்ளத்தாக்கின் தோப்புகளிலேயே பல ஆண்டுகள் அளந்து பார்க்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே இருப்பது அதற்கு நல்வாய்ப்பு.

இரண்டாவது கேள்வி பாம்பைப் பற்றியது. மூடிய தரையில் கடி அபாயம் எவ்வளவு கூடுகிறது, காலணியும் நடைவரப்பும் அதை எவ்வளவு குறைக்கும் என்பதைக் கணக்கிடாமல் மூடாக்கைப் பரிந்துரைப்பது பாதிப் பரிந்துரைதான். மரத்தைச் சுற்றி மட்டும் மூடி, நடக்கும் தடத்தைத் திறந்து வைப்பது இப்போதைக்கு நியாயமான இடைவழியாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, செலவை யார் ஏற்பது என்பது. மண் காத்தால் பலன் தோப்புக்காரருக்கு மட்டும் இல்லை, கீழே வைகை நீரை நம்பியிருக்கும் ஊர்களுக்கும் உண்டு. நார் ஆலைக்கு மட்டையை விற்காமல் தரைக்குக் கொடுப்பவருக்கு அந்த ஊர்கள் என்ன தரும் என்ற கேள்வியை இதுவரை விவசாயியிடம் மட்டுமே கேட்டு வந்திருக்கிறோம். அது அணைக்குக் கீழே இருப்பவர்களிடமும் கேட்கப்பட வேண்டியது.